மதகுச் சாவி யாரிடம்?

மழை விட்டு இரண்டு நாள்கூட ஆகியிருக்காது. நனைந்த மெத்தைகள் வாசலில் கிடக்கும். ஃப்ரிட்ஜைக் கழுவி வெயிலில் நிறுத்தியிருப்பார்கள். அதற்குள் அந்த வாக்கியம் வந்துவிடும்: "துறைகளுக்கு இடையே ஒருங்கிணைப்பு இல்லை." தொலைக்காட்சி விவாதத்தில் ஒருவர் சொல்ல, எதிரே இருப்பவர் ஆமோதிப்பார். மறுநாள் தலையங்கம் அதையே எழுதும். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், தம் காலத்தில் இப்படியெல்லாம் இல்லை என்ற தொனியில், நடுப்பக்கக் கட்டுரை தருவார். எதிர்க்கட்சி சொல்லும். ஆட்சி மாறினால் பழைய ஆளுங்கட்சி எதிர்வரிசையில் உட்கார்ந்துகொண்டு அதே வாக்கியத்தைச் சொல்லும்.

இத்தனை பேர் ஒத்துப்போகும் குற்றச்சாட்டைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வருகிறது. குற்றம் சாட்டப்பட்டவர்களே அதை மறுப்பதில்லை என்பதைக் கவனித்தபோது சந்தேகம் கூடியது. ஓர் அதிகாரியிடம், "ஏரியை ஏன் முந்தின நாளே திறக்கவில்லை?" என்று கேட்டுப் பாருங்கள். கோபம் வரும், விளக்கம் வரும், கோப்பு வரும். "ஒருங்கிணைப்பு போதவில்லையே சார்" என்று சொல்லிப் பாருங்கள். "உண்மைதான், அதற்குத்தான் ஒரு குழு போடுகிறோம்" என்று டீ வரவழைப்பார்.

என் கட்சி இதுதான்: ஒருங்கிணைப்பின்மை என்பது நோயின் பெயரே கிடையாது. முடிவெடுத்திருக்க வேண்டிய ஆள் யார் என்ற கேள்வியைச் சத்தமில்லாமல் புதைக்கிற குழிக்கு நாம் வைத்திருக்கும் மரியாதையான பெயர் அது.

செம்பரம்பாக்கத்திலிருந்து தொடங்குகிறேன், எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 நவம்பர் முழுக்கப் பெய்த மழையில் அது ஏற்கெனவே பெருமளவு நிரம்பியிருந்தது. டிசம்பர் 1-ஆம் தேதி மழை தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. காலையில் நொடிக்கு 900 கன அடியாக இருந்த திறப்பு, மாலையில் 29,000 கன அடி ஆனது. அன்றிரவு அடையாறு ஜாபர்கான்பேட்டைக்குள்ளும் சைதாப்பேட்டைக்குள்ளும் கோட்டூர்புரத்துக்குள்ளும் ஏறியது.

உடனே ஒரு கதை பரவியது. பொறியாளர் செயலாளரின் உத்தரவுக்குக் காத்திருந்தார், செயலாளர் தலைமைச் செயலாளரின் உத்தரவுக்குக் காத்திருந்தார், அவர் அதற்கும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார் என்று. அன்றைய தலைமைச் செயலாளர் அறிக்கை விட்டு மறுத்தார்: மதகைத் திறக்க உயரதிகாரிகளின் ஆணை வேண்டியதில்லை, விதிப்படி அந்த அதிகாரம் களத்தில் இருக்கும் பொறியாளர்களுக்கே உண்டு என்றார். பலர் இந்த மறுப்பைச் சிரித்துத் தள்ளினார்கள். நான் அதை அப்படியே ஏற்றுக்கொண்டு கேட்கிறேன். அதிகாரம் பொறியாளரிடம்தான் இருந்தது என்றால், இங்கே ஒருங்கிணைக்க என்ன இருக்கிறது? ஒரே துறை, ஒரே ஏரி, ஒரே விதிப்புத்தகம்.

அந்தப் பொறியாளரின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். செம்பரம்பாக்கம் சென்னையின் குடிதண்ணீர். நவம்பர் கடைசியில் வானிலை அறிக்கையை நம்பி ஏரியைப் பாதி காலி செய்கிறீர்கள். டிசம்பரில் மழை பொய்த்துவிடுகிறது. ஏப்ரலில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கும் ஊர் உங்கள் பெயரைச் சொல்லித்தான் திட்டும். திறக்காமல் இருந்து வெள்ளம் வந்தால்? நூறாண்டு காணாத மழை, இயற்கையின் சீற்றம். திறந்தால் உங்கள் தவறு, திறக்காவிட்டால் வருண பகவானின் தவறு. இப்படி ஒரு தராசைக் கையில் கொடுத்துவிட்டு, தட்டு ஏன் அந்தப் பக்கம் சாய்ந்தது என்று ஆராய வல்லுநர் குழு எதற்கு?

கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. மனிதரால் நேர்ந்த பேரிடர் என்று அது சொன்னதை எல்லாப் பத்திரிகைகளும் தலைப்பாக்கின. ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொரு விவரம். ஏரியின் உள்வாயில் தனியார் பட்டா நிலங்கள் இருந்தன. முழுக் கொள்ளளவுக்குத் தேக்கினால் அவை மூழ்கும். அதனால் தேக்கவில்லை, 29,000 கன அடியை 21 மணி நேரம் தொடர்ந்து திறந்துவிட்டார்கள். உள்வாய் நிலத்தைக் கையகப்படுத்தாமல் விட்டது ஒரே இரவில் நிகழ்ந்த தகவல் கோளாறா? பல ஆட்சிகள் பல ஆண்டுகளாக எடுத்துக்கொண்டே வந்த முடிவு அது. உண்மையில் நீர்நிலை விஷயத்தில் நம் துறைகளின் ஒருங்கிணைப்பு வியப்புக்குரியது. வருவாய்த் துறை பட்டா தரும், பதிவுத் துறை பத்திரம் போடும், மின்வாரியம் மீட்டர் மாட்டும், உள்ளாட்சி வரி ரசீது கிழிக்கும். ஒரு சதுப்பு நிலம் வீட்டுமனை ஆவதற்குள் எத்தனை துறைகள் கைகோத்து வேலை செய்கின்றன! ஒரு கோப்புகூட வழியில் தொலைவதில்லை.

செம்பரம்பாக்கத்தை முன்னமே திறந்திருந்தால் சென்னை தப்பித்திருக்கும் என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அடையாற்றில் அன்று ஓடியதில் அந்த ஏரியின் நீர் ஒரு பங்குதான். ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிறைந்து வழிந்தது தனி. அவற்றுக்கு ஷட்டர் போட்டுக் கட்டுப்படுத்த வழியே இல்லை. அதனால்தான் சொல்கிறேன், முன்னறிவிப்பு வந்தபின் யார் யாரோடு பேசினார்கள் என்பது கடைசி அத்தியாயம். அதை மட்டும் படித்துவிட்டுக் கதை புரிந்துவிட்டதாக நினைக்கிறோம்.

ஒன்பது ஆண்டு கழித்து அதே காட்சி சாத்தனூரில். 2024 டிசம்பர் 2-ஆம் தேதி விடியுமுன், ஃபெஞ்சல் புயல் மழையால் அணையிலிருந்து 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டு, தென்பெண்ணைக் கரை ஊர்கள் விழுப்புரத்திலும் கடலூரிலும் மூழ்கின. சொல்லாமல் திறந்தார்கள் என்றது எதிர்க்கட்சி. ஐந்து முறை எச்சரித்தோம் என்றது அரசு. 2015-இல் சொன்னவர்களும் கேட்டவர்களும் இடம் மாறி உட்கார்ந்திருந்தார்கள்; வசனம் மாறவில்லை. ஐந்து முறை எச்சரித்ததும் உண்மையாக இருக்கலாம். எச்சரிக்கை எந்த மட்டம் வரை இறங்கிற்று, கடைசி ஊரில் அதை யார் வாங்கி யாரை எழுப்பினார்கள் என்பதற்குத்தான் பதில் இல்லை.

சரி, ஒருங்கிணைப்பு நன்றாக அமைந்த ஒரு பேரிடரைப் பார்ப்போம். அப்படி ஒன்று உண்டு. ஒருங்கிணைப்பு வாதிகள் அதை அதிகம் பேசமாட்டார்கள். கஜா புயல். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. அதற்கு முன்பே 80,000-க்கும் மேற்பட்டோரை முகாம்களுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். கண்காணிப்பு அலுவலர்கள், மீட்புப் படை, கட்டுப்பாட்டு அறை, எல்லாம் அதனதன் இடத்தில். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பாராட்டியது. எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மு.க.ஸ்டாலினே பாராட்டினார். நம் அரசியலில் இதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது.

மறுநாள் புதுக்கோட்டை மாவட்டம் கொத்தமங்கலத்தில் அரசு வாகனங்கள் எரிந்தன. டெல்டாவில் ஊர் ஊராகச் சாலையில் மரத்தைப் போட்டு மறித்தார்கள். லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்திருந்தன. கரண்ட் இல்லாததால் மோட்டார் ஓடவில்லை, மோட்டார் ஓடாததால் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் இல்லை. தண்ணீர் கேட்டுத்தான் முதல் மறியல்கள். ஒரு டீசல் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து நான்கு ஊர்த் தொட்டிகளுக்கு மாற்றி மாற்றி ஓட்டினால் தீர்ந்திருக்கும். அதற்கு யார் கையெழுத்துப் போடுவது? ஊராட்சித் தலைவர் என்றொருவரே அன்று தமிழ்நாட்டில் இல்லை. 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. ஒக்கிப் புயலும் கஜாவும் வந்துபோன காலம் முழுக்கக் கிராமங்களைத் தனி அலுவலர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பல ஊராட்சிகளுக்கு ஒருவர். புயலுக்கு முந்தைய நாள் அவ்வளவு அழகாக இணைந்து நின்ற துறைகள், புயலுக்கு மறுநாள் ஒரு வாடகை ஜெனரேட்டரில் தடுக்கி விழுந்தன.

பிறகு தென்னை வந்தது. நாற்பது வருடம் காய்த்த மரத்துக்கு நிவாரணம் 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500, மொத்தம் 1,100. விழுந்த மரத்தை அகற்றிவிட்டு அடுத்த பயிரைப் பார்ப்பதா, கணக்கெடுப்பவர் வரும்வரை அப்படியே போட்டு வைப்பதா என்று குழம்பியவர்கள் எத்தனையோ பேர். எல்லாத் துறைகளும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தாலும் இந்த 1,100 ரூபாய் 1,101 ஆகியிருக்காது. அது தொகையைப் பற்றிய முடிவு.

ஒக்கியில் நிலைமை இன்னும் அடிப்படையானது. 2017 நவம்பர் 29-ஆம் தேதி காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலையில் குமரிக் கடலில் புயலானது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் அதற்கு நாள்கணக்கில் முன்பே கிளம்பிப் போயிருந்தார்கள். அவர்களுடைய படகில் இருந்த விஎச்எஃப் வயர்லெஸ் அந்தத் தூரத்துக்கு எட்டாது. வானிலை மையமும் மீன்வளத் துறையும் கடலோரக் காவல் படையும் ஒரே அறையில் கைகோத்து நின்றிருந்தாலும் அந்தப் படகுகளுக்குச் சேதி போயிருக்காது. போவதற்கான கருவி படகில் இல்லை. செயற்கைக்கோள் வழியாகச் சேதி வாங்கும் கருவி அதற்குப் பிறகுதான் பேச்சாகி, பிறகு திட்டமாகி வந்தது. குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து மறித்த பெண்கள் கேட்டது "தேடப் போங்கள், இன்னும் தூரம் போங்கள்" என்பதுதான். ஊர்க்காரர்கள் தங்கள் படகுகளிலேயே தேடப் போனார்கள். அவர்களுக்குத் தெரிந்த கடல் வரைபடத்தில் இருப்பதில்லை.

இந்த இடத்தில் எதிராளி ஒடிசாவைக் கொண்டுவருவார். நியாயமான சாட்சி, தட்டிக்கழிக்க மாட்டேன். 1999 பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் செத்த மாநிலம். 2013-இல் பைலின் வந்தபோது பத்து லட்சம் பேரை அப்புறப்படுத்தி, சாவை ஐம்பதுக்குள் நிறுத்தியது. 2019 ஃபானிக்கு 12 லட்சம் பேரை நகர்த்தியது. "பார், ஒருங்கிணைப்பின் வெற்றி!" என்பார்கள். புவனேஸ்வரத்திலுள்ள ஆணையத்தைப் பார்த்துவிட்டு அப்படிச் சொல்கிறார்கள். கடற்கரைக்குப் போனால் தெரிவது வேறு: எண்ணூறுக்கும் மேற்பட்ட புயல் பாதுகாப்புக் கட்டடங்கள், ஒவ்வொன்றுக்கும் ஊரார் அடங்கிய பராமரிப்புக் குழு, சாவி அந்தக் குழுவிடம், ஆண்டுதோறும் ஒத்திகை. புயல் எச்சரிக்கை வந்தால் யார் வீட்டுக் கிழவியை யார் தூக்கிக்கொண்டு போவது என்பது அந்த ஊருக்கு முன்பே தெரியும். தலைநகரத்திலிருந்து வரவேண்டியது ஒரே சேதிதான். 2020 ஏப்ரலில் கொரோனா வந்தபோது அதே மாநிலம் செய்ததையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: தம் எல்லைக்குள் மாவட்ட ஆட்சியரின் அதிகாரத்தைக் கிட்டத்தட்ட 6,800 ஊராட்சித் தலைவர்களுக்குப் பகிர்ந்து கொடுத்தது. அதிகாரத்தை மேலே குவித்து ஒருங்கிணைத்ததன் வெற்றியாக எனக்கு இது தெரியவில்லை. கீழே இறக்கிவிட்டதனால் ஒருங்கிணைக்க வேண்டிய வேலையே குறைந்துபோனது.

நாமோ எதிர்த்திசையில் ஓடுகிறோம். ஒவ்வொரு பேரிடருக்குப் பின்னும் ஒரு மேசை கூடுகிறது. சுனாமிக்குப் பின் 2005-இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது: பிரதமர் தலைமையில் ஒன்று, முதல்வர் தலைமையில் ஒன்று, ஆட்சியர் தலைமையில் ஒன்று, இவற்றின் நிழலில் செயற்குழுக்கள், ஆலோசனைக் குழுக்கள். உத்தராகண்டில் 2007-இல் அமைத்த மாநில ஆணையம் ஒருமுறைகூடக் கூடவில்லை என்று தணிக்கை அறிக்கை 2013 ஏப்ரலில் சொன்னது. ஜூனில் கேதார்நாத் வெள்ளம். இதையே ஒருங்கிணைப்பின்மைக்குச் சான்றாகக் காட்டுவார்கள். கூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கூட்டக் குறிப்பு ஒன்று இருந்திருக்கும். ஆற்றங்கரையை ஒட்டி விடுதிகள் எழ அனுமதித்த முடிவு அந்தக் கூட்டத்துக்கு வெளியே, வேறு மேசைகளில், வருடக்கணக்கில் எடுக்கப்பட்டது.

2025-இல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சி உள்ள நகரங்களுக்கும் தனியாக நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையம். தலைவர் மாநகராட்சி ஆணையர், துணைத் தலைவர் மாவட்ட ஆட்சியர். மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த மன்றத்தின் மேயர் இந்த இரண்டு நாற்காலியிலும் இல்லை. அரசமைப்பின் பன்னிரண்டாம் அட்டவணை தீயணைப்பை நகராட்சிகளின் பணியாக எழுதி வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் அது இன்றுவரை மாநிலத் துறை. தேர்ந்தெடுக்கப்பட்டவர் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. 2015-இல் சென்னைக்கு மேயர் இருந்தார், வார்டுக்கு ஒரு கவுன்சிலர் இருந்தார். அவர்களாலும் ஒன்றும் ஆகவில்லை. ஆகாததற்குக் காரணம், ஒரு படகை வாடகைக்குப் பிடிக்கும் அதிகாரம்கூட அந்தக் கவுன்சிலருக்கு இல்லை. அவர் செய்யக்கூடியது அதிகாரிக்குப் போன் போடுவது. அதைத்தான் நாமும் செய்துகொண்டிருந்தோம்.

சட்டத்தில் பொறுப்பைப் பற்றி ஒன்றுமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். 55-ஆம் பிரிவு, ஒரு துறை குற்றம் இழைத்தால் துறைத் தலைவரைக் குற்றவாளியாகக் கருத வேண்டும் என்கிறது. 56, கடமையைச் செய்ய மறுக்கும் அதிகாரிக்கு ஓராண்டு வரை சிறை என்கிறது. கொஞ்சம் தள்ளி 59-ஆம் பிரிவு வருகிறது: இந்த இரண்டின் கீழும் வழக்குப் போட அரசின் முன் அனுமதி வேண்டும். இதே சட்டத்தின் 51-ஆம் பிரிவுக்கு அப்படிப்பட்ட பூட்டு இல்லை. 2020 ஊரடங்கில் தெருவுக்கு வந்த குடிமக்கள்மேல் அது தாராளமாகப் பாய்ந்தது. கடைக்குப் போன ஆளுக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, வழக்கு எண் உண்டு. ஏரியைத் திறந்தவருக்கும் திறக்காதவருக்கும் "ஒருங்கிணைப்பின்மை" என்று பெயர்.

2023 டிசம்பர் 17-ஆம் தேதி இரவு ஸ்ரீவைகுண்டத்தில் நடந்ததை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்த மழை அது. குளங்கள் மறுகால் பாய்ந்து, கரை உடைந்து, தாமிரபரணி இரு கரையும் மறைந்து ஓடிக்கொண்டிருந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஏறத்தாழ 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்துக்கு வந்தது. அதற்கு அப்பால் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி அரித்துப் போய்விட்டது. நிலைய அதிகாரி வண்டியை நிறுத்திவிட்டார். ரயில்வேயில் இது சாதாரண விஷயம்: பாதை சரியில்லை என்று தெரிந்தால் நிறுத்தும் அதிகாரம் நிலையத்தில் இருப்பவருக்கு உண்டு, நிறுத்தியதற்காக அவரை யாரும் தண்டிக்கப் போவதில்லை, நிறுத்தாவிட்டால் கேள்வி அவரிடம்தான் வரும். தராசு சரியாக இருக்கிறது. முடிவும் சரியாக இருந்தது. அவரும் மேலே கேட்டு, மேலே இருப்பவர் அதற்கும் மேலே கேட்டிருந்தால் அந்த வண்டி எங்கே போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பயணிகள் இரண்டு நாள் சிக்கிக் கிடந்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள், தாங்களே வெள்ளத்தில் இருந்தபடி, அரிசி கொண்டுவந்து பொங்கிப் போட்டார்கள். தலைநகரங்களிலோ அந்த வாரம் முழுக்க, வானிலை மையம் சரியாகச் சொன்னதா இல்லையா என்று மத்திய அரசும் மாநில அரசும் வாதாடிக்கொண்டிருந்தன.

துறைகள் பேசிக்கொள்வதே வேண்டாம் என்று வாதிடுபவனாக என்னைக் காட்டுவது எளிது. ஹெலிகாப்டர் விமானப் படையுடையது, உணவுப் பொட்டலம் வருவாய்த் துறையுடையது, எந்த ஊர் தீவாகிக் கிடக்கிறது என்பது விஏஓ-வுக்குத் தெரியும். இம்மூன்றும் சேராவிட்டால் பொட்டலம் வயலில் விழும். பல படைகள் ஒரே இடத்தில் இறங்கும் மீட்புப் பணிக்கு ஒரு தலைமையும் பொதுவான வயர்லெஸ் அலைவரிசையும் கட்டாயம் வேண்டும். அது ஒத்திகை சார்ந்த கைத்தொழில். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் நம்மூரில் இந்தச் சொல் அங்கே நிற்பதில்லை. "ஒற்றைத் தலைமை வேண்டும்" என்று கிளம்பி, எல்லா முடிவும் ஒரே அறைக்கு வரவேண்டும் என்று முடிகிறது. முந்நூறு ஏரியின் கேள்வியும் அந்த அறை வாசலில் வரிசையில் நிற்கும். வெள்ளம் வரிசையில் நிற்காது.

ஒரு காலத்தில் இந்தக் குளங்களுக்கு நீர்க்கட்டி, மடையன், நீராணி என்று ஊருக்கொரு பெயரில் ஓர் ஆள் இருந்தார். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று பாடமாட்டேன். சாதிப்படி அமைந்த ஊழியம் அது. கூலி பெரும்பாலும் நெல், மரியாதை அதைவிடக் குறைவு. ஆனாலும் தண்ணீர் எந்த அடையாளத்தைத் தொட்டால் எந்தப் பலகையை எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அவர்தான் எடுப்பார் என்று ஊருக்கும் தெரியும். இன்று ஆயக்கட்டு நூறு ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, அதற்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியம். நள்ளிரவில் கரை கசியத் தொடங்கினால், முதலில் இது யார் குளம் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

பத்திரிகைக்காரனாகப் பருவமழை முன்னெச்சரிக்கைக் கூட்டங்கள் சிலவற்றில் ஓரமாக உட்கார்ந்திருக்கிறேன். துறைவாரியாக எழுந்து வாசிப்பார்கள். மணல் மூட்டை இத்தனை ஆயிரம், ஜேசிபி இத்தனை, மரம் அறுக்கும் இயந்திரம் இத்தனை, முதல்நிலை மீட்பாளர்கள் இத்தனை பேர், அனைத்தும் தயார் நிலையில். போண்டா வரும். துறைகள் ஒருங்கிணைந்து செயல்பட வேண்டும் என்ற அறிவுரையோடு கூட்டம் முடியும். ஒருமுறை பின்வரிசையில் இருந்த, மதகைப் பார்த்துக்கொள்ளும் ஒரு லஸ்கர், தன் ஏரியின் ஷட்டருக்கு கிரீஸ் போட்டு மூன்று வருடம் ஆகிறது, சுற்றினால் சுற்றாது என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மைக் அவர் வரைக்கும் வரவில்லை.

ஒவ்வொரு ஏரிக்கரையிலும் ஒரு பலகை வைக்கச் சொல்லுங்கள். இன்ன அடி வந்தால், இத்தனை செ.மீ. மழைக்கு எச்சரிக்கை வந்தால், இவ்வளவு திறக்கப்படும். திறப்பவர் பதவி இது, பெயர் இது, போன் நம்பர் இது. அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அந்த அளவுப்படி திறந்து, பிறகு மழை பொய்த்தால் பழி அவருக்கில்லை, அளவை நிர்ணயித்த அரசுக்கு. கீழே, தண்ணீர் போகும் வழியிலுள்ள ஊர்களின் பெயர்களும், அந்தந்த ஊரில் கதவைத் தட்டப் போகிறவரின் பெயரும். பெயிண்ட் செலவு சில நூறு ரூபாய். எந்தத் துறையும் இன்னொரு துறையைக் கலந்துகொள்ளாமலே இதைச் செய்துவிடலாம்.